புதுச்சத்திரத்தில் இறக்கிய முடி

மஞ்சக்குப்பம், கடலூர்.
14-6-1966, செவ்வாய்க்கிழமை.

சிதம்பரத்தில் அச்சாபீஸ் நடத்தி வருபவரும், எனக்கு ஒரே உடன்பிறப்பும், நன்மாறனுக்கு ஒரே தாய்மாமனும் ஆகிய அன்பிற்குரிய அண்ணன் சபாபதி அவர்களுக்கு, தங்கை திலகவதி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், குழந்தை நலம். 'நலம்' என்ற சொல்லை இரண்டு தடவை அடித்துவிட்டு மூன்றாம் தடவை எழுதியிருப்பதைப் பார்த்து நீங்கள் எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு எதுவும் கிடையாது. கழுத்து வரைக்கும் குழந்தை மிக மிக நன்றாக இருக்கிறான். அங்கே நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய பத்திரிகைக் கட்டு சனிக்கிழமையே வந்து சேர்ந்தது. உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எழுத நேரம் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் எழுதத் தைரியம் கிடைக்கவில்லை.

பத்திரிகை வெகு அழகு. 'நிகழும் ஆனி மாதம் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை குலதெய்வம் அய்யனார் சன்னிதியில் சிரஞ்சீவி நன்மாறனுக்கு முதல் முடி இறக்கிக் காது குத்தும் விழா' என்பதில் 'முதல்' என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையில் போட்டிருப்பது கண்ணைப் பறிக்கிறது. 'தாய்மாமன் திரு. ஆ. சபாபதி அவர்களின் மடியில்' என்ற வரியை, தேர்தல் சுவரொட்டிக்கு நீங்கள் வாங்கிப் போட்ட எழுத்தில் கோத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. அய்யனார் அதில் பாதி அளவு இருக்கிறார். குழந்தையின் தகப்பனார் பெயரைப் படிக்கப் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பூதக்கண்ணாடியை வாங்க வேண்டியிருந்தது. பெற்றவளாகிய நான் 'மற்றும் குடும்பத்தார்' என்பதற்குள் சௌக்கியமாக அடங்கியிருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை அண்ணா. அய்யனார் கோயிலா வைத்தீஸ்வரன் கோயிலா என்று நீங்களும் என் மாமியாரும் ஐந்து மாதம் தபாலிலேயே சண்டை போட்டு, கடைசியில் அத்தை விட்டுக்கொடுத்து இந்தத் தேதி நிச்சயமாயிற்று என்பதை நான் மறப்பேனா? அத்தை விட்டுக்கொடுத்தபோது சொன்ன வார்த்தையும் எனக்கு மனப்பாடம்: "முடி முறையா எறங்கட்டும். அதுக்கப்பறம் புள்ளய நான் பாத்துக்கறேன், நீ போயி ஸ்கூல்ல நெருப்ப பத்த வெச்சி வெளயாடு. முறையில ஒரு கொற வந்துச்சி, நீயும் புள்ளயும் வூட்லதான்." சயின்ஸ் டீச்சராக ஜூலை முதல் தேதி சேரும்படி எனக்கு வந்த ஆர்டர் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. தினம் ஒரு தரம் எடுத்துப் படித்துவிட்டு அப்படியே வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுக்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் மாப்பிள்ளை ஜமாபந்திக் கணக்கு வேலையாக விருத்தாசலத்தில் முகாம். அத்தை குறிஞ்சிப்பாடியில் மகள் வீட்டில். வீட்டில் நானும் குழந்தையும் மட்டும். அந்த நேரம் பார்த்து ரசியா வந்து நின்றாள். ரசியாவை உங்களுக்குத் தெரியும், அண்ணாமலை நகரில் என்னோடு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள், ஹாஸ்டலில் என் அறைத்தோழி. அவளுடைய அண்ணன் மீரான் இங்கே துறைமுகத்தில் கொப்பரை வியாபாரம் செய்கிறார், பழைய மோரிஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். பரங்கிப்பேட்டையில் யாரையோ பார்க்கப் போகிறார், நம்மைச் சிதம்பரத்தில் இறக்கிவிட்டுப் போய்ச் சாயந்திரம் திரும்பும்போது ஏற்றிக்கொள்வார், பண்ருட்டியிலிருந்து ஆரோக்கியம்மாளும் வந்திருக்கிறாள், மூன்று பேரும் போய்ப் பழைய வார்டனம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். ஐந்து வருஷம் கழித்து அந்த ஹாஸ்டல் வாசலைப் பார்க்கலாம் என்ற ஆசை ஒரு பக்கம், உங்கள் வீட்டுக்கும் வந்து பத்திரிகை நன்றாயிருக்கிறது என்று நேரிலேயே சொல்லலாம் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். முன்யோசனை இல்லாமல் கிளம்பினேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். குழந்தை வளர்ப்பு பற்றிய இங்கிலீஷ் புத்தகத்தில் பிரயாண அத்தியாயத்தை இரண்டு முறை படித்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் இரண்டு பிளாஸ்க், பால் புட்டி மூன்று, தெர்மாமீட்டர், கிரைப் வாட்டர், வாந்தி வந்தால் முகர்வதற்கு எலுமிச்சம்பழம் ஆறு, வெயிலுக்கு ஒரு குல்லாய், அது தொலைந்தால் மாற்றுக் குல்லாய் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் புத்தகத்தில் பலாப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதை எழுதியவர் பண்ருட்டிக்கு வந்ததில்லை.

ஆரோக்கியம்மாள் வார்டனம்மாவுக்கென்று கொண்டுவந்திருந்த பலாப்பழம் நன்மாறனைவிடப் பெரியது. பின் சீட்டில் ஆரோக்கியம், பழம், நான், மடியில் குழந்தை. முன்னால் மீரானும் ரசியாவும். துறைமுகம் தாண்டி, செம்மங்குப்பம் தாண்டி, ஆலப்பாக்கமும் தாண்டும் வரைக்கும் பழைய பாட்டெல்லாம் பாடிக்கொண்டு சந்தோஷமாகத்தான் போனோம். புதுச்சத்திரம் எல்லையில் காரின் மூக்கிலிருந்து இட்டிலிப் பானை திறந்த மாதிரி ஆவி வந்தது. மீரான் இறங்கி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல தங்கச்சி, பெல்ட்டு அறுந்துபூடுச்சி. ஜாஸ்தி போனா அரை மணி" என்று சொல்லி, அறுந்த பெல்ட்டைக் கடலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, இதே மாதிரி புதிது ஒன்று வாங்கி அடுத்த டிரிப்பில் கொண்டுவரச் சொன்னார். அந்த அரை மணி நாலரை மணி ஆயிற்று. வெயிலோ கேட்க வேண்டாம். புளியமரத்தடியில் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு, பழம் வெயிலில் அழுகிவிடுமே என்று ஆரோக்கியம் கவலைப்பட, அழுகுவதற்குள் சாப்பிட்டுவிடுவதுதான் வார்டனம்மாவுக்கு நாம் செய்யும் மரியாதை என்று ரசியா சொல்ல, கொப்பரை வெட்டும் கத்தியால் மீரான் பழத்தைப் பிளக்க, நாங்களும் உட்கார்ந்துவிட்டோம். ஹாஸ்டல் கதைகளும் சுளைகளுமாக நேரம் போனது தெரியவில்லை. நடுத்தண்டைக் காகிதத்தில் சுற்றிப் பின் சீட்டில் யார் வைத்தார்கள் என்று இதுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் இல்லை என்று நினைக்கிறேன். அதே சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நன்மாறன் புரண்டு புரண்டு போய், அந்தத் தண்டைத் தலையணையாக வைத்துப் படுத்திருந்தான். எப்படித் தூக்கினாலும் தண்டும் கூடவே வந்தது.

அந்த முடி உங்களுக்குத் தெரியுமே அண்ணா. காதை மூடிச் சுருண்டு, ரிப்பன் கட்டினால் பெண் குழந்தையா என்று எல்லோரும் கேட்பார்களே, அந்த முடியில் இடது பக்கம் பூராவும் பலாப்பால். மூன்று பட்டதாரிகள் மரத்தடியில் மாநாடு போட்டோம். பெட்ரோலில் கரையும் என்றாள் ரசியா. குழந்தை தலையில் பெட்ரோலா என்று நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. ஸ்பிரிட் கிடைக்குமா என்றாள் ஆரோக்கியம். கடைசியில், நிதானமாக யோசித்து, எலுமிச்சம்பழச் சாறு அழுக்கையும் பிசுக்கையும் எடுத்துவிடும் என்று சொன்னவள் நான்தான். ஆறு பழத்தையும் பிழிந்து தேய்த்தோம். இரண்டே நிமிஷத்தில் பால் திரண்டு இறுகிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் பாலில் அமிலத்தை ஊற்றித்தான் ரப்பராக்குகிறார்கள் என்று மூன்று பேருமே பரீட்சையில் எழுதியிருக்கிறோம். நான் படம் போட்டு எழுதி அதிகப்படி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்தப் படத்தைக் குழந்தையின் தலையில் செய்துகாட்டி முடித்தபோதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

எதிரே இட்டிலிக் கடை வைத்திருக்கும் ராசம்மாள் என்கிற அம்மாள் அவ்வளவு நேரமும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கரண்டியும் கையுமாக வந்து குனிந்து பார்த்தார்.

"என்னாம்மா இது, புள்ள தலையில சைக்கிள் டியூபு ஒட்டிக்கினு இருக்குது?"

"பலாப்பாலுங்க."

"தேங்காண்ணெ தடவலியா?"

"எலுமிச்சம்பழம் தேச்சோம்."

"எலுமிச்சம்பழமா? எவ சொன்னா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஆரோக்கியம், "நாங்க மூணு பேருமே கெமிஸ்ட்ரி படிச்சவங்க" என்றாள்.

"அதானே பாத்தேன்" என்றார் ராசம்மாள். "படிக்காதவங்களுக்கு இது தோணாது."

கடையிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவரும் தேய்த்துப் பார்த்தார். நேரத்தோடு தேய்த்திருந்தால் போயிருக்குமாம், இறுகிவிட்ட பிறகு அசைய மாட்டேன் என்றது. அதற்குள் ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. ஈக்குப் பின்னால் கட்டெறும்பு வந்தது, ஒன்று அவன் காதோரம் கடித்தும்விட்டது, குழந்தை வீறிட்டான். விழா நாளான இருபத்துநாலாம் தேதி வரைக்கும் எப்படியாவது தள்ளிவிடலாம் என்று நான் நினைத்திருந்தது அந்த வீறலில் போய்விட்டது. "அந்தப் பக்கம் மட்டும் ரெண்டு கத்திரி போட்டு எடுத்துடலாம், பக்கிரிய கூப்புடறேன்" என்றார் ராசம்மாள். ரெண்டே ரெண்டு கத்திரி, மேலே இருக்கும் முடியை இழுத்துச் சீவி மறைத்துவிடலாம், அண்ணனுக்கு மீதி முக்கால்வாசி இருக்கிறதே என்று நானும் தலையாட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

பக்கிரி என்பவர் பெட்டியோடு வந்தார். கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்தார். குழந்தையின் தலையைத் தொடுவதற்கு முன்னால், "மொத முடியாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கத்தரிக்கோல் பெட்டிக்குள் போய்விட்டது.

"அப்ப இது ஆவாதும்மா. மொத முடிய நறுக்கக்கூடாது. எறக்குனா முழுசா எறக்கணும், சாமி முன்னால எறக்கணும், மாமன் மடியில எறக்கணும். ரோட்டுல ஒக்காந்து மொத முடிய நறுக்கிப்புட்டு, நாளைக்கு இன்னொரு புள்ள தலைய நான் எந்தக் கையால தொடுவேன்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு ஆபத்தாயிற்று. அதற்குள் காரைச் சுற்றிப் பாதி ஊர் கூடிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் வேறு வேலை இல்லை. பெல்ட்டு வரும்வரை நாங்களும் எங்கேயும் ஓடிவிட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாமி முன்னால் என்றால் எந்தச் சாமி முன்னால் என்று ஆரம்பித்தது. கீழத்தெரு மாரியம்மன் கோயிலில்தான் என்று கீழத்தெருக்காரர்கள், மேலத்தெருப் பிள்ளையார் இருக்கும்போது என்ன மாரியம்மன் என்று மேலத்தெருக்காரர்கள். கார் நிற்பது யார் எல்லை என்று பார்த்தார்கள். முன் சக்கரம் கீழத்தெரு எல்லையிலும் பின் சக்கரம் மேலத்தெரு எல்லையிலும் இருந்தது. குழந்தை பின் சீட்டில் தூங்கியவன்தானே என்றது ஒரு கட்சி. அழுதது முன்னால் வந்துதானே என்றது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் வெவ்வேறு கரை போட்ட துண்டு போட்டிருந்தார்கள், அடுத்த வருஷம் தேர்தல் வேறு வருகிறது. என் பிள்ளையின் தலை இந்தத் தொகுதியில் இவ்வளவு முக்கியம் என்று எனக்கு அதுவரை தெரியாது. உங்களுக்கும் அத்தைக்கும் ஐந்து மாதம் பிடித்ததை அவர்கள் முக்கால் மணியில் முடித்துவிட்டார்கள்: மாரியம்மன் கோயிலில் முடி இறக்குவது, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது. உங்கள் தபால் செலவை நினைத்துக்கொண்டேன்.

நான் சும்மா இருக்கவில்லை அண்ணா. வேண்டாம், வேண்டாம், பத்திரிகை அடித்தாயிற்று என்றேன். பத்திரிகையா என்று சந்தோஷப்பட்டார்கள். என் பையிலிருந்த ஒன்றை வாங்கிச் சத்தமாகப் படித்தார்கள். 'தாய்மாமன் மடியில்' என்ற வரி வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாமன் எங்கம்மா?"

"சிதம்பரத்துல இருக்காரு."

"ஆள உட்டுக் கூட்டியாரலாமா?"

"அதுக்குள்ள எறும்பு புள்ளய தூக்கிக்கினு போயிரும்" என்றார் ராசம்மாள். பிறகு சுற்றிலும் பார்த்தார். எங்கள் கோஷ்டியில் ஆண்பிள்ளை ஒரே ஒருவர்தான். காரின் அடியில் படுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்த மீரானின் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"யம்மாடி, நான் முஸ்லிமு" என்று மீரான் பதறினார்.

"இருந்துக்கோ. இந்தப் பொண்ண என்னான்னு கூப்புட்ட இத்தினி நேரம்?"

"தங்கச்சின்னு."

"அப்பறம் என்னா? மடி இருக்குதா இல்லியா?"

மடி இருந்தது. கிரீஸ் பட்ட கைலிக்கு மேலே யாரோ ஒரு புது வேட்டியைக் கட்டிவிட்டார்கள். ரசியா சிரித்துச் சிரித்துப் புரையேறி, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு பிளாஸ்க் அவளுக்கே தீர்ந்தது. கத்தியை இருபது நிமிஷம் கொதிக்கவைத்தால்தான் குழந்தைமேல் படவிடுவேன் என்று நான் காரின் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். பக்கிரிக்கு ரோஷம் வந்துவிட்டது, மூன்று தலைமுறையாக அந்த ஊர்த் தலைகளைத் தொட்ட கத்தியாம், இதுவரை எந்தத் தலையும் குறை சொன்னதில்லையாம். ராசம்மாள்தான் சமாதானம் செய்து, கத்தியை வாங்கிப் பக்கத்து டீக்கடை பாய்லர் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நானே அருகில் நின்றேன். இருபது நிமிஷமும் வெந்தது. அப்புறம் அந்தத் தண்ணீரில் டீ போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். நானும் குடித்தேன். அதற்கு மேல் என் புத்தகத்தின் பேச்சை எடுக்க எனக்கு முகம் இல்லை.

மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பக்கிரி கத்தியை வைத்தார். நாற்பது பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். என் பிள்ளை, டாக்டரைப் பார்த்தால் அழுபவன், தையல்காரரைப் பார்த்தால் அழுபவன், உங்கள் மீசையைப் பார்த்து இரண்டு நாள் அழுதவன், மீரான் மடியில் உட்கார்ந்து அவர் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டு கடைசி வரைக்கும் சிரித்தான். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். நாளைக்கு ரசியா சொல்லி உங்களுக்குத் தெரிந்தால் இன்னும் மோசம்.

முடிந்தது என்று எழுந்தால் முடியவில்லை. ஏதோ பேச்சுக்கு மீரான், "எங்கள்லயும் ஏழாம் நாளு முடி எறக்குவோம். அந்த முடிய நிறுத்து, அந்த எடைக்கு வெள்ளி தானம் குடுப்போம்" என்று சொல்லிவிட்டார். ஊருக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. நல்ல வழக்கமா இருக்குதே, நம்ம ஊர்ல ஏன் இல்ல என்று பேசிக்கொண்டே மளிகைக்கடைத் தராசைக் கொண்டுவந்துவிட்டார்கள். குழந்தை முடி என்றால் இறகு மாதிரி இருக்கும், குன்றிமணி எடை வெள்ளி போதும் என்று மீரான் நினைத்திருக்கிறார். இது பலாப்பிசினோடு இருக்கிற முடி. ஒரு தட்டில் முடியை வைத்ததும் தராசு டக்கென்று கீழே உட்கார்ந்தது. மற்றத் தட்டில் மீரான் தன் வெள்ளி மோதிரத்தைப் போட்டார், அசையவில்லை. இடுப்பிலிருந்த வெள்ளிச் சாவிக்கொத்து வளையத்தைப் போட்டார். கடைசியில் ரசியாவின் ஒரு கால் கொலுசும் போன பிறகுதான் முள் நேராயிற்று. எல்லாவற்றையும் ஊரிலேயே ரொம்ப ஏழையான ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். தாய்மாமன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

காதையும் குத்திவிடலாம், ஆசாரி வீட்டில்தான் இருக்கிறார் என்று கூட்டத்தில் ஒருவர் கிளப்பினார். அங்கேதான் அண்ணா நான் யார் என்று காட்டினேன். குழந்தையைப் பிடுங்கி, இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டு, "காது அண்ணனோடது! காத யாரும் தொடக்கூடாது!" என்று கத்தினேன். கூட்டம் விலகி வழிவிட்டது. ஆக, மருமகனின் இரண்டு காதுகளும் எந்தச் சேதமும் இல்லாமல் உங்களுக்காகக் காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். பெல்ட்டு வந்தது. வருஷா வருஷம் வைகாசியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ராசம்மாள் இருபது இட்டிலியைத் தூக்கில் போட்டுக் கொடுத்து வழியனுப்பினார். சிதம்பரத்துக்கு இனி எதற்கு என்று காரைக் கடலூருக்கே திருப்பச் சொன்னேன். உங்கள் அச்சாபீஸ் வாசலில் நான் அந்தத் தலையோடு எப்படி வந்து இறங்குவேன்?

இரண்டு நாளாக வெல்வெட் குல்லாயைப் போட்டே வைத்திருக்கிறேன். நாளைக்கு அத்தை வந்துவிடுவார். இவன் தூங்கின பிறகு உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. அடுத்த முடி ஒழுங்காக வளர ஏழெட்டு மாதமாவது ஆகும். ஆகையால் நீங்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட வேண்டும். அச்சு இயந்திரத்தைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது, மாசி மாதம் வரைக்கும் மடியில் ஒரு காகிதம்கூட வைக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார் என்று அத்தைக்கு ஒரு கார்டு போடுங்கள். மாமன் மடி இல்லாமல் முடி இறக்க அத்தை சம்மதிக்க மாட்டார். பத்திரிகைகளைத் திரும்ப அச்சடிக்க வேண்டிய கஷ்டம் எனக்குத் தெரிகிறது. குல்லாயை அதுவரை எப்படிக் கழற்றாமல் வைப்பது என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் விஷயம் வெளியே வந்தால் என் வேலை போய்விடும் அண்ணா. அதைவிட, முதல் முடி உங்கள் மடியில் இறங்கவில்லையே என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் அந்த வரியைக் கோக்கும்போது எவ்வளவு ஆசையோடு கோத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். திட்டுவதாக இருந்தால் தனிக் கடிதத்தில் திட்டுங்கள். முதுகுவலிக் கார்டில் வேண்டாம்.

அண்ணிக்கு என் பணிவான வணக்கம். அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம். அச்சுக்கோப்பவர்களிடமும் சொல்ல வேண்டாம். மருமகன் மாமனுக்கு ஒரு முத்தம் அனுப்புகிறான். அதில் பலாப்பழ வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கலாம். தாயும் தகப்பனுமாக இருந்து என்னைப் படிக்கவைத்த உங்கள் ஆசி இந்தப் பத்து நாளும் எனக்கு மிகவும் தேவைப்படுகிறது.

என்றும் தங்கள் அன்பையும், இப்போது தங்கள் முதுகையும் நம்பியிருக்கும் தங்கை,
தி. திலகவதி, பி.எஸ்ஸி.

பின்குறிப்பு (புதன்கிழமை காலை): இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் அத்தை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நன்மாறன் குல்லாயைக் கழற்றி வீசிவிட்டு, தள்ளாடித் தள்ளாடி நடந்து போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை அவனைத் தூக்கித் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார்.

"யாரு எடுத்தது? கத்தி நல்லா ஓடியிருக்குது. போன தடவ மாரி காயம் ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன்.

"போன தடவையா, அத்தை?"

"காப்பி போடு" என்றார்.

காப்பி போட்டேன். இரண்டு டம்ளர் குடித்து முடித்தார். அப்புறம்தான் சொன்னார். "ஐப்பசியில நீ டைபாய்டுல கெடந்தியே, டாக்டரு கைய விரிச்சிட்டாரு. உங்க அண்ணன் ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கினு சின்னப்புள்ள மாரி அழுவுறான். நான் என்னா பண்ணுவேன்? இவ பொழச்சி எழுந்துட்டா புள்ளயோட மொத முடிய தரேன்னு வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கினேன். மூணாம் நாளு காச்ச எறங்கிச்சி. சாமிய காக்க வெக்க முடியுமா? மறுநாளே உங்க அண்ணன் மடியில வெச்சி எறக்கிட்டு வந்தோம். பொழச்சி வந்தவகிட்ட, நீ சாவக் கெடந்தேன்னா சொல்றது?"

சபாபதி அண்ணா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பிள்ளையின் தலை ஏன் இப்படி இருக்கிறது என்று உன்னைத்தானே கேட்டேன்? காய்ச்சலில் எனக்கு முடி கொட்டியதைப் பார்த்து, ஏக்கத்தில் அவனுக்கும் கொட்டிவிட்டது என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாயே! நானும் உன் மாப்பிள்ளையும் நம்பி, ஒரு மாதம் அவன் தலைக்குச் செம்பருத்தி எண்ணெய் தடவினோமே! ஐந்து மாதம் தபாலில் நடந்த சண்டைகூட எனக்குச் சந்தேகம் வராமல் இருப்பதற்காகப் போட்டதாமே! 'முதல்' என்று சிவப்பு மையில் போட உனக்கு எப்படிக் கை வந்தது? உன்னைத் திட்டுவதற்கு நான் நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். அந்த வராண்டா ஞாபகம் வந்து ஒன்றும் எழுத முடியவில்லை. அதற்காக உன்னை விட்டுவிட்டதாக நினைக்காதே.

இருபத்துநாலாம் தேதி என்ன செய்வது அத்தை என்று கேட்டேன். "ஊருக்கு நாம இன்னும் எறக்கலியே. பத்து நாள்ல எள்ளு தெளிச்ச மாரி மொளைக்கும். சந்தனத்த பூசிட்டா எவன் வந்து எண்ணிப் பாக்கப் போறான்?" என்றார். காலி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "ஒண்ணாந்தேதி போயி வேலைல சேரு. இத மட்டும் உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடாத" என்றார். ஆர்டரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன்.

ஆகையால் மேலே கெஞ்சியது எதையும் நீ செய்ய வேண்டாம். முதுகு எப்போதும்போல் இருக்கட்டும், பத்திரிகையும் அப்படியே இருக்கட்டும். மருமகனின் மூன்றாவது முதல் முடிக்கு, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, மடியோடு வந்து சேர்.